புகைக்குழாய் ஓட்டையும் நானும்

டேய் மச்சான்,

சுகமா? கனநாளா பதில் போடேல்ல எண்டு திட்டியிருப்பாய், திட்டு. அம்மா சுகம், முழங்கால் மட்டும் பழைய கதைதான். குட்டியன் அந்தக் காசை இன்னும் தரேல்ல, கேட்டா சிரிக்கிறான், உனக்குத் தெரியும்தானே அந்தச் சிரிப்பு.

இப்ப விசயம். உப்புவெளியில அத்தான்ர கெஸ்ட் ஹவுசுக்குப் பின்னால விறகுப் போறணை ஒண்டு கட்டுறம், வெள்ளைக்காரருக்கு பீட்சா, எங்களுக்குப் பாண். போறணை வடிவா முடிஞ்சுது. புகைக்குழாய் சுவருக்குள்ளால வெளிய போற ஓட்டையை என்னத்தால அடைக்கிறது எண்டதுதான் இப்ப வீட்டில பெரிய சண்டை.

ஹாட்வெயார் கடைப் பொடியன் ஓட்டை அடைக்கிற ஃபோம் ரின் ஒண்டைத் தந்து, அண்ணே இதுக்கு நெருப்பே பயம் எண்டான். ரின்னைத் திருப்பி சின்ன எழுத்தை வாசிச்சா, காய்ஞ்ச பிறகு தாங்கிறது 90 பாகையாம். போறணை நல்லா எரியேக்க குழாய் 200, 300 எண்டு போகுமடா! சாதாரண சிலிக்கனும் சரிவராது. சிவப்பா ஒரு ஹை டெம்பரேச்சர் சிலிக்கன் இருக்கு, முன்பக்கத்தில 300 எண்டு பெரிசா போட்டிருக்கும், ஆனா தொடர்ந்து தாங்கிறது 250 அளவுதான், மிச்சம் கொஞ்ச நேரத்துக்கு மட்டும்.

மேசன் சொன்னார் ஃபயர் சீமெந்து, 1250 பாகை தாங்கும், ஓட்டை முழுக்க அதையே அடைச்சு விடுவம் எண்டு. அத்தானுக்கு அந்த 1250 ஐக் கேட்டதும் வாயெல்லாம் பல்லு. நான் விடேல்ல. சூட்டைத் தாங்கினா மட்டும் போதுமோ, குழாய் அசையுமெல்லோ? 2 மீற்றர் ஸ்டெயின்லெஸ் குழாய் 250 பாகை சூடு ஏறினா 8 மில்லிமீற்றர் நீளும், ஆறினா திரும்பிச் சுருங்கும். சுத்திவர இறுக்கி அடைச்ச சீமெந்து வெடிக்காம என்ன செய்யும், பிறகு மாரி தொடங்கி வாடைக்காத்து மழையைச் சரிச்சு அடிக்கேக்க அந்த வெடிப்புக்குள்ளால தண்ணி சுவருக்குள்ள.

கடைசியா இப்பிடித்தான் செய்யிறம்: சுவருக்குள்ள குழாயை விடப் பெரிய இரும்புக் குழாய் ஒண்டு பதிச்சு, புகைக்குழாய் அதுக்குள்ள தன்ர பாட்டுக்கு அசையும், நடு இடைவெளியில சூடு தாங்கிற செராமிக் ஃபைபர் கயிறு. உள்பக்கம் ஒரு தகட்டு வளையம். வெளியிலயும் ஒரு தகடு, சிலிக்கன் அந்தத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில மட்டும், குழாயில தொடவே தொடாது, குழாய்க்கு மேலால மழைக்கு ஒரு கொலர். சிலிக்கன் வாங்கேக்க மணந்து பார், வினாகிரி மணம் அடிச்சா வேண்டாம், அது கல்வனைஸ் தகட்டைத் தின்னும்.

கயிறுக்கு அலையேக்க பெரியப்பா ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். 1957 இல வெள்ளைக்காரன் திருகோணமலை டொக்யார்டை விட்டுப் போகேக்க எடுத்ததாம், வெள்ளைக் கயிறு, தூக்கவே மாவாக் கொட்டுது. அஸ்பெஸ்டோசா இருக்கும் எண்டு நான் கத்த, அத்தான் கூரையைக் காட்டிச் சிரிக்கிறார், தலைக்கு மேல அஸ்பெஸ்டோஸ் சீற்றைப் போட்டுக்கொண்டு கயிறுக்குப் பயப்பிடுறியே எண்டு. சீற்றில நார் சீமெந்துக்குள்ள கட்டுண்டு கிடக்கு, இது நேரா நெஞ்சுக்குள்ள போகும் எண்டு சொல்லி விளங்கப்படுத்த எனக்குப் பொழுது போட்டுது. புதுக் கயிறும் தூள் பறக்கும், மாஸ்க் போட்டுத்தான் வெட்டுறம்.

மச்சான், இனிப் பகிடி இல்லை. நுவரெலியாக் குளிருக்கு உன்ர குவாட்டஸில யன்னல் எல்லாத்தையும் பூட்டிப்போட்டு அடுப்பு எரிக்கிறன் எண்டு எழுதியிருந்தாய். எங்கட போறணை வெளியில நிக்குது, நீ அடுப்புக்குப் பக்கத்தில படுக்கிறாய். குழாய் மூட்டுக்குள்ளால கசியிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையிலயே ஆளை முடிச்சுவிடும். யன்னலைக் கொஞ்சம் திறந்து வை. மற்றது உன்ர சுவர் பலகையெண்டா எந்த சீலன்ட்டும் காப்பாத்தாது, ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் பலகைக்கும் 18 அங்குலம் இடைவெளி வேணும். அப்பிடி இல்லாட்டி அடுப்பை மூட்டாத, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படு.

குழாய் சுவருக்குள்ள போற இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பாத்துச் சொல்லுறன். லீவுக்கு வரேக்க லீக்ஸ் கொண்டு வராத, போனமுறை கொண்டந்ததையே ஒருத்தரும் தின்னேல்ல.

உன்ர,
கட்டையன்