வன்னிக் காதுகளுக்கு இன்னொரு தலைமுறை வேண்டுமா?

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு இதழின் கலைப்பக்கத்தில், சினிமாவையும் பெரிய நிறுவனங்களையும் சாராத சுயாதீன இசை பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். சென்னை, ரொறன்ரோ, கொழும்பு என்று பயனுள்ள தகவல்கள் நிறைய இருந்தன. கடைசிப் பந்தியில் மட்டும், சினிமாப் பாட்டில் ஊறிப்போன வன்னிக் காதுகளுக்கு இந்த இசை பிடிபட இன்னொரு தலைமுறை வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். எழுதியவர் இசை தெரிந்தவர். தாங்களும் தெரிந்தவர். அப்படியிருந்தும் அந்த வரி அச்சேறியதுதான் மனதை நோகச் செய்தது.

வன்னிக் காது எப்படிக் கேட்டு வளர்ந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. தொண்ணூறுகளின் போர்க்காலத்தில் இங்கே மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, 6 வோல்ற் 3 வாற் டைனமோவில் வானொலியும் கசற்றும் கேட்ட ஊர்கள் இவை. டைனமோவில் வருவது ஆடலோட்ட மின்சாரம். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு அதை நேரோட்டம் ஆக்காவிட்டால் பாட்டுக்கு மேலே உறுமல்தான் கேட்கும். சுற்றுகிற கை தளர்ந்தால் கசற் இழுபடும், பாடுபவரின் குரல் கீழே இறங்கும், பக்கத்தில் இருப்பவர் பெடலை வாங்கிக்கொள்வார். ஒரு பாட்டை முழுதாகக் கேட்க இவ்வளவு பாடுபட்ட சனத்தின் பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரியாது என்று எப்படி எழுத மனம் வந்தது?

முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்தை எந்தப் படக் கொம்பனி காசு கொடுத்து ஆடுவித்தது? வயற்காவலில் பாடிய குருவிப் பள்ளுக்கு எந்த இசைத்தட்டு நிறுவனம் முதல் போட்டது? நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப் பாட்டுகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோனபோது, அவர்களுக்குப் பின்னால் ஒரு கோடம்பாக்கம் நிற்கவில்லை. அவற்றைக் கேட்டது எங்கள் அப்பா அம்மாக்களின் காதுகள்தான்.

அந்த ஒரு வரி மட்டுமென்றால் பேசாமல் இருந்திருப்பேன். இந்த இசையின் இரசிகர்கள் என்று சொல்லிக்கொள்கிற சிலரின் போக்கே கனகாலமாக இப்படித்தான் இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளை “எங்கேயிருந்து கேட்கத் தொடங்கலாம்?” என்றால் வழி சொல்வதில்லை, பரீட்சை வைக்கிறார்கள். ரீசேட்டில் ஒரு குழுவின் பெயர் இருந்தால், அந்தக் குழுவின் மூன்று அல்பங்களைச் சொல்லு பார்ப்போம் என்கிறார்கள். நேற்றுவரை தலையில் தூக்கி வைத்த பாடகரின் பாட்டு ஓட்டோக்களில் ஒலிக்கத் தொடங்கினால், அவர் விலைபோய்விட்டார் என்கிறார்கள். வன்னிப் பேச்சில் பாடினால் நாட்டுப்புறம், ஆங்கிலம் கலந்து பாடினால் உலகத்தரம். மேடைகளிலும் இதே கதைதான். புதிய குழுவுக்குக் கடைசி நேரம் கொடுப்பார்கள். ஒலிச் சோதனைக்கு இடம் கொடுக்க மாட்டார்கள். பாடுபவருக்குத் தன் குரலே கேட்காமல் சுருதி விலகும். அதைப் பிடித்துக்கொண்டு “இன்னும் பழகவேண்டும்” என்று தீர்ப்புச் சொல்வார்கள். பாடுபவரைப் பார்த்தபடி ஒரு மொனிற்றர் ஸ்பீக்கர் பெட்டியை வைத்து, அதில் குரலை மட்டும் கூட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் தீர்கிற காரியம் அது.

இந்த இசை எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் கோபம் இன்னும் கூடுகிறது. 1977 ஜனவரியில் மான்செஸ்ரரின் பஸ்கொக்ஸ் குழு, கடன்பட்ட ஐந்நூறு பவுணில் தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டது. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது தடவையில் சரிவந்தது என்பதை உறையிலேயே அச்சடித்தார்கள். அடுத்த வருடம் லண்டனின் ஸ்க்ரிற்றி பொலிற்றி குழு, பதிவுக்கு எவ்வளவு, தட்டு அழுத்த எவ்வளவு, உறைக்கு எவ்வளவு என்று கணக்கையே உறையில் போட்டது. அடுத்தவனும் செய்யட்டும் என்றுதான் அதைப் போட்டார்கள். அந்த வழியில் வந்தவர்கள் என்று மார்தட்டுகிறவர்கள், ஒரு மைக் என்ன விலை என்று கேட்கிற பிள்ளைக்கு வாய் திறப்பதில்லை.

கேட்கப் பழகுவது பெரிய வித்தை அல்ல. புதியவர்கள் சொல்கிற முதல் குறை, பாட்டு மெலிந்து, வெறுமையாகக் கேட்கிறது என்பது. அது போன் ஸ்பீக்கரின் குறை. பேஸ் கிற்றாரின் அடித்தந்தி ஒலிப்பது ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸில். போனின் சிறிய ஸ்பீக்கர் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதையும் தருவதில்லை. சினிமாப் பாட்டில் குரல் முன்னுக்கு நிற்பதால் இந்த இழப்புத் தெரியாது. குரலைப் பின்னுக்கு வைத்து பேஸில் நடக்கிற பாட்டில் பாதிப் பாட்டே போய்விடும். சாதாரண வயர் இயர்போன் போதும். டேட்டா செலவுக்குப் பயந்தால் வீடியோவை விட்டு ஒலியை மட்டும் கேளுங்கள்: 96 கிலோபிற்றில் நாலு நிமிடப் பாட்டுக்கு மூன்று எம்பிகூட வராது. பிடித்த ஒரு பாட்டை எடுத்து, பாடியவரைவிட இசை தயாரித்தவர் யார் என்று பாருங்கள். அவர் செய்த மற்றப் பாட்டுகளுக்குப் போங்கள். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த வழியில் காது விரைவாகத் திறக்கும். 2017இல் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து தொடங்கிய காஸ்ற்லெஸ் கலெக்ரிவ் என்ற இசைக்குழுவிலிருந்து தொடங்கினால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்காது. பறையும் கானாவும் கிற்றாரோடு சேர்வதைக் கேட்கக் கூத்து மத்தளம் கேட்ட காதுக்கு யார் பழக்க வேண்டும்?

போனில் பதிவு செய்ததெல்லாம் இசையா என்பது அடுத்த ஏளனம். அமெரிக்கப் பாடகர் டானியல் ஜோன்ஸ்ரன் எண்பதுகளில் சாதாரண சான்யோ கசற் றெக்கோடரில் பதிவு செய்த பாட்டுகளை இன்றைக்கும் போற்றுகிறார்கள். பாடகி மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் தந்த முதல் அல்பத்தின் மாதிரிப் பாட்டுகளை பெரும்பாலும் ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப் பெட்டியில் செய்தார். அங்கே செய்தால் துணிச்சல், மல்லாவியில் செய்தால் வசதியில்லாமையா?

வசதியில்லாத வீட்டிலும் நன்றாகப் பதியலாம். தகரக் கூரை வீட்டில் விடிகாலையே நல்ல நேரம். வெயில் ஏறினால் தகரம் விரிந்து படபடக்கும், காற்றாடியையும் நிறுத்த முடியாது. மெத்தையையோ கம்பளியையோ பாடுபவரின் முதுகுப் பக்கம் தொங்கவிடவேண்டும். பலர் போனுக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். பாடுபவருக்குப் பின்னாலுள்ள சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலிதான் போனின் முகத்துக்கு நேரே வருகிறது என்பதை யோசிப்பதில்லை. முட்டை மட்டை ஒட்டிக் காசை வீணாக்க வேண்டாம், அது கீழ்ச் சுரத்தைத் தொடவே தொடாது. வாய்க்கும் போனுக்கும் 15 முதல் 20 சென்ரிமீற்றர், கொஞ்சம் பக்கவாட்டில். நேரே பாடினால் பகர ஒலி வெடிக்கும். மத்தளமோ பறையோ என்றால் ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். எம்பி3 அல்ல, வேவ் கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள். பாட்டின் ஆக உரத்த வரியை முதலில் பாடிப் பார்த்து, பதிவுச் செயலியின் ஒலிமானி -12க்கும் -6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கிறதா என்று பாருங்கள். சுழியத்தைத் தொட்டுச் சிதைந்த ஒலியை எந்த மென்பொருளும் பழையபடி ஆக்காது. லப்ரொப்பில் பதியும்போது ஒரே சுருதியில் உறுமல் வந்தால் சார்ஜரைக் கழற்றுங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் அந்த வழியாகத்தான் நுழையும். றீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் காசில்லாமல் பழகிப் பார்க்கலாம்.

பிள்ளைகள் உண்மையில் அடிபடுகிற இடம் வெளியிடுகிற கட்டம். இலவச பீற் (பாடுவதற்கான ஆயத்த இசை) என்று இறக்கியதில் பெரும்பாலும் வருமானம் ஈட்டாத பயன்பாட்டுக்கு மட்டும்தான் அனுமதி இருக்கும். அதன் மேல் பாடி வெளியிட்டால் யூரியூப்பில் உரிமைக் கோரல் வரும், பாட்டின் வருமானம் வேறொருவருக்குப் போகும். உரிமப் பத்திரத்தை வாசிக்காமல் ஒரு வரியும் பாட வேண்டாம். பாட்டுச் செயலிகளில் பாடுபவரின் பெயரை ஒருமுறை ஒரு எழுத்துக் கூட்டலிலும் மறுமுறை வேறொன்றிலும் கொடுத்தால் ஒரே ஆள் இரண்டு பக்கங்களாகப் பிரிந்து கிடப்பார். ஸ்பொற்றிபை என்ற பாட்டுச் செயலியில் 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாவிட்டால் அதற்குக் காசே இல்லை. ஆகவே எங்கள் பிள்ளைகளின் பாட்டை நாங்களே கேட்காவிட்டால் அவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்காது. இதையெல்லாம் அந்த முழுப்பக்கக் கட்டுரையில் ஒரு பந்தியாகச் சொல்லியிருக்கலாம். எங்கள் காதைப் பற்றி எழுத இடமிருந்ததே.

தங்களிடம் கேட்பது சிறிய காரியம். கலைப்பக்கத்தில் கிழமைக்குக் கால் பத்தி ஒதுக்கி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சியிலிருந்து வெளிவருகிற புதிய பாட்டுகளைப் போடுங்கள். பாடியவர், இசையமைத்தவர், பதிந்தவர் பெயர்கள், எதில் பதிந்தார்கள், என்ன செலவு, எங்கே கேட்கலாம் என்ற விபரங்கள் போதும். விமர்சனம் பிறகு வரட்டும். பாட்டின் பெயரைத் தமிழில், பாடியவர்கள் எழுதுகிற எழுத்திலேயே அச்சிடுங்கள், தேடுகிறவர்களுக்கு அகப்படும்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
பரந்தன்.