மெல்லிய கூந்தலுக்கு ஜப்பானியப் பொருட்கள்: சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய ஷாம்பூ, ஹேர் மாஸ்க் (முடியில் தடவி அலசும் க்ரீம்) வகைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் குடியிருப்பவள் என்பதாலும், பிறவியிலேயே மிக மெல்லிய முடி வாய்த்தவள் என்பதாலும், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றை எழுத விரும்புகிறேன். இங்கே கடைகளில் முன்வரிசையில் நிற்கும் பொருட்கள் பல, தடித்த முடியையோ, சாயமும், ரசாயனத்தால் சுருளாக்கும் பர்மும் போட்டு வறண்டுபோன முடியையோ மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. யாருடைய முடிக்கு என்று சொல்லாமல் அவற்றை எல்லோருக்கும் பரிந்துரைத்தால் வாசகியரின் பணம்தான் வீணாகும்.

ஜப்பானியரின் முடி இழை சராசரியாகச் சுமார் 80 மைக்ரான் (0.08 மில்லிமீட்டர்) தடிமன் கொண்டது. அதைவிடப் பெரிதும் மெல்லிய முடி உள்ளவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறோம். இழையின் தடிமன் பாதியானால் அதன் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதே எடையுள்ள முடியின் மேற்பரப்போ இரு மடங்காகிவிடும். ஆகவே முடியை வழுவழுப்பாக்க இப்பொருட்களில் சேர்க்கும் சிலிகானின் பூச்சு, தடித்த முடியில் பளபளப்பாக மட்டுமே தெரிந்தாலும், எங்களைப் போன்றவர்களுக்குத் தாங்க முடியாத பாரமாகி, முடியைத் தலையோடு படிய வைத்துவிடுகிறது. மெல்லிய முடி வேறு, அடர்த்தி குறைந்த முடி வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். என் தலையில் முடிக்குக் குறைவில்லை, ஒவ்வோர் இழையும்தான் நூலாக இருக்கிறது. முடி கொட்டுகிறது என்று கவலைப்படுபவர்கள் எந்த மாஸ்க்கை வாங்கியும் பயனில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது தோல் மருத்துவரை.

தங்கள் கட்டுரை புகழ்ந்த ஃபினோ மாஸ்க் 230 கிராம் டப்பாவில் வருவது; தேனீக்கள் சுரக்கும் ராயல் ஜெல்லி சேர்ந்தது; சேதமடைந்த முடிக்கென்றே விற்கப்படுவது. ஷிசெய்டோ நிறுவனம் 2006இல் அறிமுகப்படுத்திய ட்சுபாகி, கமேலியா என்ற பூச்செடியின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயை முன்னிறுத்துகிறது. அண்ட் ஹனி தேனை முன்னிறுத்துகிறது. இவை தரமான பொருட்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் டப்பாவின் முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும் பெயரை வைத்து உள்ளே இருப்பதை எடைபோட முடியாது. ஜப்பானில் 2001 முதல் அழகுசாதனப் பொருட்களில் எல்லா மூலப்பொருட்களையும் அளவின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். 1 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். பட்டியலில் தண்ணீருக்கு அடுத்தே டைமெத்திகோன் என்ற சிலிகான் வந்து, தேனோ கமேலியா எண்ணெயோ கடைசியில் வந்தால், முடியை மென்மையாக்குவது எது என்பது தெளிவு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘நான்-சிலிகான்’ (சிலிகான் இல்லாதது) என்று ஷாம்பூ புட்டியில் எழுதியிருந்தாலும், ஷாம்பூவுக்குப் பின் தடவ அதற்கு இணையாக விற்கும் ட்ரீட்மென்டில் சிலிகான் இருக்கக்கூடும். இரண்டின் பட்டியலையும் தனித்தனியாகப் படித்துவிட்டு வாங்குவதே நல்லது.

நான் பயன்படுத்திப் பார்த்தவற்றில், மிகவும் பேசப்படும் மாஸ்க் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. கட்டியான அந்த க்ரீமைக் குறிப்பில் சொன்னபடியே எடுத்து, வேர்ப்பகுதியை விட்டுவிட்டு நீளம் முழுவதும் தடவி அலசியபோது, ஈரத்தில் சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்கியது. முடி உலர்ந்த பிறகும் மாலை வரை நுனிகள் பட்டுப்போல இருந்தன. ஆனால் உச்சியில் முடி ஒட்டிப்போய், வகிடு அகலமாகி, மண்டைத் தோல் வெளியே தெரிந்தது. மறுநாள் காலையில் தலைக்குக் குளித்தே தீர வேண்டியதாயிற்று. அதே மாஸ்க்கைப் புளியங்கொட்டை அளவு மட்டும் எடுத்து, காதுக்குக் கீழே உள்ள பகுதியில் தடவி, இரண்டு மூன்று நிமிடங்களில் நன்றாக அலசியபோது அந்தத் தொல்லை இல்லை. நுனிச் சிக்கும் விட்டது. அளவும் இடமும் மாறியதால் வந்த வேறுபாடு இது. இதைத்தான் பரிந்துரைகளில் யாரும் எழுதுவதில்லை.

மெல்லிய முடிக்கென்றே ஜப்பானில் தனி வகை இருக்கிறது. அட்டையில் ‘ஹரி’, ‘கொஷி’ என்றோ ‘வால்யூம்’ என்றோ போட்டிருப்பார்கள். முடிக்கு விறைப்பும் எழுச்சியும் தருவது அவற்றின் நோக்கம். ட்சுபாகியிலேயே வால்யூம் வகை உண்டு. காவோ நிறுவனத்தின் செக்ரெட்டாவும் வயது ஏற ஏற முடி மெலியும் பெண்களுக்காக வந்ததே. நடுத்தர வயதுக்காரர்களின் பொருள் என்று இளம்பெண்கள் இதை ஒதுக்குகிறார்கள், ஆனால் என் முடிக்கு இந்த வகைதான் மிகவும் ஒத்துப்போனது. எண்ணெய் வேண்டுமென்றால், 1927இல் தொடங்கிய ஓஷிமா ட்சுபாகி நிறுவனத்தின் கமேலியா எண்ணெய் ஒரே ஒரு துளி போதும். உள்ளங்கைகளில் தேய்த்து, ஈரம் காயாத நுனிகளில் மட்டும் தொட்டுத் தடவ வேண்டும். இங்குள்ள மருந்துக் கடைகளில் ஒருமுறை பயன்படுத்தும் ஷாம்பூ, ட்ரீட்மென்ட் பாக்கெட்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஊருக்கு வருபவர்களிடம் முழுப் புட்டி வாங்கிவரச் சொல்வதற்கு முன் இந்தப் பாக்கெட்டுகளைக் கேட்டு வாங்குவதே சிக்கனம்.

தண்ணீரும் முக்கியம். டோக்கியோ குழாய் நீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்குச் சுமார் 60 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு ஏற்கத்தக்கது என வைத்திருக்கும் வரம்பே 200. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. தமிழகத்தின் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் எவ்வளவு கடினம் என்பதை வாளியில் படியும் வெள்ளைப் படலமே காட்டும். அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் முடியிலும் படிவதால், மென்னீரில் பட்டாக இருந்த முடி அங்கே அதே ஷாம்பூவில் சொரசொரப்பாகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு இது நேர்கிறது. கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆற்றுநீரோ வடிகட்டிய நீரோ கிடைத்தால் வேறுபாடு தெரியும்.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு மேலும் ஒன்று. இந்தியாவில் முறையாக இறக்குமதியாகும் அழகுசாதனப் பொருளின் அட்டையில், 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் விவரமும் இருக்க வேண்டும். அவை இல்லாத டப்பாவை மலிவு என்பதற்காக வாங்கக் கூடாது.

இனி இத்தகைய பொருட்களைப் பற்றி எழுதும்போது, பயன்படுத்தியவரின் முடி மெல்லியதா தடித்ததா, சாயம் போட்டதா, எந்த நீரில் அலசியது, எவ்வளவு எடுத்து எந்தப் பகுதியில் தடவியது என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நிஷி கசாய், டோக்கியோ