நல்ல நோட்டு இங்கேயே இருக்கட்டும்

சிந்துபூந்துறை, திருநெல்வேலி,
ஆவணி, வியாழக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீங்கள் மூன்று பேரும் நல்லபடியாகப் புனே போய்ச் சேர்ந்ததை மாப்பிள்ளை போனில் சொன்னார். பிள்ளைக்கு ரயிலில் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இதையும் போனிலேயே சொல்லலாம். ஆனால் நாம் பேச ஆரம்பித்தால் அவள் அழுகிறாள், நீ வைத்துவிடுகிறாய். இது பைய வாசிக்க வேண்டியது. அவள் தூங்கும்போது வாசி. பாதியில் முழித்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் வாசி.

நீங்கள் போன மறுநாள் பட்டாசலில் தொட்டில் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து நனைத்தேன். மெத்தையைத் தூக்கி உதறினால் அடியில் உன் படம் வரைகிற நோட்டு. மறந்துவிட்டாயோ என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசிப் படம் வளைகாப்பு முடிந்த வாரத்தில் வரைந்தது. தார்சாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் வலது கால், மெட்டியோடு. நன்றாக வந்திருக்கிறது, குதிகால் வெடிப்பைக்கூட விடவில்லை. அடுத்த பக்கத்தில் நாலு கோடு போட்டு அழித்திருக்கிறாய். அழித்த வேகத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைத் தாள். அப்போதுதான் தெரிந்தது, நீ மறக்கவில்லை, வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

போன மாசம் ஒருநாள் அடுக்களை வாசலில் நின்று, "இனிமே எங்கம்மா வரையுறது, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றாய். நான் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் அடிபிடிக்கும், பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பார்சலில் பழைய சேலைத் துணியில் கட்டிய தாள் கட்டு ஒன்று இருக்கும். முதலில் அதைப் பிரி. எல்லாம் நம் வீட்டுத் தேதிக் காலண்டரில் கிழித்த தாள்கள். நீ பிறந்தது 1994 ஜூலை. முதல் தாள் செப்டம்பர் 12, திங்கட்கிழமை. முன்பக்கம் ராகு காலம் 7.30–9, சூலம் கிழக்கு என்று இருக்கும். பின்பக்கம் உன் இடது கை.

அந்த ஒரு படத்தை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் பார். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிய கை. மணிக்கட்டில் ஆச்சி கட்டிவிட்ட வசம்பு வளையல், அதில் மூன்று மணிதான் போட்டிருக்கிறேன், மிச்சத்துக்கு நேரம் இல்லை. சுண்டுவிரல் நகம் இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி. அதன் கீழே மணிக்கட்டு மடிப்பைப் போட ஆரம்பித்த கோடு நேராகத் தாளின் விளிம்பு வரைக்கும் ஓடுகிறது பார். அந்த இடத்தில்தான் நீ முழித்தாய்.

அதற்கு முந்தின நாட்களுக்குத் தாள் கிடையாது. நாற்பது நாள், அதற்கு மேலும் கொஞ்ச நாள், நான் பென்சிலைத் தொடவே இல்லை. தையல் வலி, தூக்கம் இல்லை, காரணம் தெரியாமல் அழுகை வேறு. அந்த நாட்களில் நீ வரையவில்லை என்பதற்காக ஒரு நிமிஷம்கூட வருத்தப்படாதே. தூக்கம் கிடைத்தால் தூங்கு, அதுதான் முதல். அழுகை ஒன்றிரண்டு வாரத்தில் தன்னால் அடங்கிவிடும் என்பார்கள். பிள்ளை பிறந்து உனக்கு இப்போது ஐந்தாம் மாசம் நடக்கிறது. இன்னும் அப்படி வருகிறது என்றால் எனக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்லிவிட்டு டாக்டரிடம் போ. அதைப் படம் வரைந்து சரிசெய்ய முடியாது, நான் அப்படிச் சொல்லவும் இல்லை.

என் காலத்தில் வேறு ஒரு தொந்தரவும் இருந்தது. நான் லோயர், ஹையர் என்று டிராயிங் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து வந்தவள். மாடல் டிராயிங்குக்கு எங்களுக்கு முன்னால் வாளியும் செங்கலும் விரித்த புத்தகமும் வைப்பார்கள். அவை அசையாது. கண்ணைச் சுருக்கி, பென்சிலை நீட்டி அளந்து, ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் என்று வரைந்தே பழகியவள். பிள்ளை அதற்கெல்லாம் இருக்குமா? நீ தலையைத் திருப்புவாய், நான் அழிப்பேன், மறுபடி திருப்புவாய். மாமியார் வீட்டுப் பக்கத்து மனுஷி ஒருத்தி, "ஏட்டி, பிள்ளை தொண்டை வத்தக் கத்துது, இவ பேப்பரும் கையுமா இருக்கா" என்று என் காது படவே சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஆனால் மூன்று வாரம் நான் தொடவில்லை.

மறுபடி தொட வைத்தது உன் அப்பா. ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் தேதியைக் கிழிப்பார் இல்லையா, அந்தத் தாளைக் கசக்காமல் ஜன்னல் திண்டில் வெள்ளைப் பக்கம் மேலே தெரிய வைப்பார். அதன் மேல் பென்சிலை வைப்பார், காற்றில் பறக்காமல் இருக்க. அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். உள்ளங்கை அளவுத் தாள். அதில் பெரிதாக என்ன வரைய முடியும்? ஒரு காது, ஒரு பாதம், கொடியில் காயும் நாலு துணி. கெட்டுப்போனால் என்ன, எப்படியும் குப்பைக்குப் போகிற தாள்தானே.

உன் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான். உன்னை நிறுத்தியது பிள்ளை இல்லை, அந்த நோட்டு. நல்ல கனத்த தாள், தைத்த கட்டு, காசு கொடுத்து வாங்கியது. அதில் பாதிக் காதோடு ஒரு பக்கம் நின்றுபோனால் உனக்குப் பொறுக்கவில்லை, அழித்தாய், மூடிவிட்டாய். ஒரு மணி நேரம் கிடைக்கிறவர்களுக்குத்தான் அந்த நோட்டு சரிப்படும். உனக்குக் கிடைப்பது ஏழு நிமிஷம், அதுவும் எப்போது என்று தெரியாத ஏழு நிமிஷம். அதனால் நோட்டை நான் அனுப்பவில்லை. பீரோவில் பத்திரமாக இருக்கட்டும். அதற்குப் பதிலாக இந்த வருஷத்துத் தேதிக் காலண்டர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். இப்போதெல்லாம் பின்பக்கமும் எதையாவது அச்சடித்துவிடுகிறார்கள். வெறுமையாக இருக்கிறதா என்று கடையில் புரட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பென்சில் இரண்டு வைத்திருக்கிறேன், 2பி ஒன்று, 4பி ஒன்று. பேனா வேண்டாம். ஏன் என்பதை அந்தத் தாள் கட்டிலேயே பார்ப்பாய். 2023 டிசம்பர் 17, 18-ல் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தது உனக்குத் தெரியும், போன் கிடைக்காமல் நீ தவித்த ராத்திரி. அப்பா முதலில் மச்சுக்குத் தூக்கிய சாமான் இந்தத் தாள்கள் இருந்த தகரப்பெட்டிதான். அதற்குள் அடியில் தண்ணீர் ஏறிவிட்டது. பிறகு தட்டட்டியில் ஒவ்வொன்றாகப் பரத்திக் காயவைத்தோம். மைப்பேனாவில் போட்டதெல்லாம் நீலத் தீற்றலாகக் கரைந்துவிட்டது, எது கண் எது மூக்கு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பென்சிலில் போட்டது அப்படியே நிற்கிறது. கரியும் களிமண்ணும் சேர்ந்ததுதானே அது, தண்ணீருக்கு அசையவில்லை. தாள்தான் பழுப்பேறிச் சுருங்கியிருக்கிறது.

பிள்ளைக்கு இப்போது கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகிற பருவம். சீவின முனை குத்திவிடும், ஷார்ப்னர் பிளேடு அதைவிட மோசம். இரண்டையும் அவளுக்கு எட்டாத உயரத்தில் வை. சார்க்கோல் தூளும், படம் கலையாமல் இருக்க அடிக்கிற ஸ்பிரேயும் அந்த அறைக்குள்ளேயே வேண்டாம்.

என்ன வரைவது என்று யோசிக்காதே. பால் கொடுக்க உட்கார்ந்தால் எதிரே என்ன தெரிகிறதோ அது. ஒரு கை அவளுக்குக் கீழே மாட்டிக்கொண்டிருக்கும். தாளைப் பார்க்காமலேயே, கண்ணை அவள் காது ஓரத்தில் வைத்துக்கொண்டு, கண் போகிற வேகத்துக்குப் பென்சிலை விடு. கோணலாகத்தான் வரும். நாலைந்து வந்த பிறகு பார், ஒன்றில் அந்தக் காது அப்படியே உட்கார்ந்திருக்கும். தொட்டில் ஆடாமல் நிற்கும்போது சேலை மடிப்பைப் போடு. துணியைத் தாங்கிப் பிடிக்கிற இடத்திலிருந்துதான் மடிப்புகள் கிளம்பும். மேலே கொக்கி, கீழே அவள் முதுகு. இந்த இரண்டு இடத்தையும் முதலில் குறித்துக்கொண்டால் நடுவில் உள்ளது தானாக விழும். முகம் போடும்போது ஒன்றை மட்டும் மறக்காதே. நமக்குக் கண் தலையின் சரிபாதியில் இருக்கிறது, அவளுக்குப் பாதிக்கும் கீழே. நெற்றி அவ்வளவு பெரிது. பிறந்த பிள்ளைக்குத் தலை மட்டுமே மொத்த நீளத்தில் கால்பங்கு. நாம் பார்த்துப் பழகிய பெரியவர்கள் கணக்கில் போட்டால் குட்டிக் கிழவி மாதிரி ஆகிவிடும். என் அக்டோபர் மாசத் தாள்களில் நீ அப்படித்தான் இருக்கிறாய்.

வரைந்து முடித்ததும் அவளுக்குக் காட்டு. வெள்ளைத் தாளில் அழுத்தமான கறுப்புக் கோடு என்றால் பச்சைப் பிள்ளைகள்கூட உற்றுப் பார்க்கும். பென்சில் தாளில் உரசுகிற சத்தத்துக்கு நீ அழுகையை நிறுத்திவிட்டுப் பார்ப்பாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உனக்கு ஒன்றரை வயதில் கிருஷ்ணாபுரம் பெருமாள் கோயிலுக்குப் போனோம். அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை போயிருக்கிறேன். வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன், இளவரசியைத் தூக்கிப் போகிற குறவன் என்று வரிசையாகக் காட்டிவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறேன். அன்றைக்கு அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தில் நடந்தார். நான் ஒரு தூணுக்கு முன்னால் நின்று கையை மட்டும் பார்த்தேன். கல்லில் நகம் இருந்தது, நரம்பு இருந்தது, விரல் மடங்குகிற இடத்தில் சதை பிதுங்கி நின்றது. அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இரண்டு தடவை வந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை. ஒரு வருஷமாக உன் கையையே திரும்பத் திரும்ப வரைந்த பிறகுதான் அந்தக் கையைப் பார்க்கிற கண் எனக்கு வந்தது. பரீட்சைக்குப் படித்த காலத்தில் அது வரவில்லை.

அந்தக் கட்டுக்குள் 143 தாள் இருக்கிறது. உன் முதல் வருஷம் முழுக்க அவ்வளவுதான். பல் முளைத்த மாசத்தில் இரண்டே இரண்டு. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு வாரத்துக்கு ஒன்று இருந்தால் அதிகம். பாலம் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் நினைவிலிருந்து வரைந்தவை சில உண்டு, கோடெல்லாம் நடுங்கியிருக்கும். நான் எண்ணியது, கட்டும்போது ஒன்றும் தவறிவிடக் கூடாது என்பதற்காக.

மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் அவர் பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போகட்டும். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவாதே.

பார்சலில் உளுந்து மாவு ஒரு கிலோ, உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர் இருக்கிறது. எண்ணெய்ப் பாட்டிலை நெகிழிப் பையில் சுற்றிக் காலண்டருக்கு எட்டத்தில் வைத்திருக்கிறேன். முதலில் அது கசிந்திருக்கிறதா என்று பார். வரைந்த தாள்களைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். பொங்கலுக்கு வரும்போது தாளாகவே கொண்டுவா, பெட்டியில் இடம் இருக்கிறது.

பார்சல் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்று செப்டம்பர் 7 வரைக்கும் உள்ள தாள்களை நான் எடுத்துக்கொண்டேன். நேற்று ஒன்றில் அவிழ்த்த தொட்டில் கொக்கியை வரைந்தேன். உனக்கு 8-ஆம் தேதியிலிருந்து இருக்கிறது. அதுவும் திங்கட்கிழமைதான், ராகு காலம் 7.30–9.

பிள்ளைக்கு என் முத்தம்.

உன் அம்மா