ஓட்டுநரை உட்காரவைத்துவிட்டு சேஸிஸ் வரையுங்கள்

மாணவர்களே வடிவமைத்துச் செய்து போட்டியில் ஓட்டும் மாணவர் ஃபார்முலா கார் அணிகளுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும் அணித் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவன். எங்கள் கல்லூரி அணியில் இரண்டு வருடம் ஸ்டீயரிங் வேலை பார்த்தேன். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எண்டூரன்ஸ் என்னும் நெடுந்தூர ஓட்டம் முடிந்து எங்கள் ஓட்டுநர் இறங்கியதும் கையுறையைக் கழற்றினான். வலது கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. தலைக்கவசத்துக்குள் போடும் துணியைப் பிழிந்தால் சொட்டும். ஓட்டியதோ 11 கிலோமீட்டர்தான். இரண்டு ஓட்டுநர்கள் பகிர்ந்து ஓட்டும் 22 கிலோமீட்டரில் அவன் பங்கு அவ்வளவே.

அந்தக் கொப்புளத்துக்குக் காரணம் என் டிசைன். காஸ்டர் கோணத்தை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவை, கூட்டினால் நேர்ப்பாதையில் கார் அலையாது, வளைவில் வெளிப்பக்க டயர் நன்றாகப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். கூட்டக் கூட்ட ஸ்டீயரிங் கனக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கனத்தை ஒருவன் மணிக்கட்டு தாங்க வேண்டும் என்பதற்கு எங்கள் கணக்குத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. எடைக்கு இருந்தது, டயருக்கு இருந்தது, எஞ்சினுக்கு மூன்று பக்கம் இருந்தது.

அதனால்தான் இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஓட்டுநரின் உடம்பை எடுத்துக்கொண்டோம். பருத்தி பனியனில் மெல்லிய சிலிகோன் குழாய்களைத் தைத்து, சின்ன பம்ப் வைத்து, ஐஸ் பெட்டியிலிருந்து குளிர்ந்த நீரை ஓடவிடும் உடுப்பு. கணக்கு எளிது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அரை கிலோ ஐஸ் கால் மணி நேரத்தில் உருகினால் சுமார் 185 வாட் அளவுக்கு வெப்பத்தை இழுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பே 100 வாட் அளவுக்கு வெப்பம் விடுகிறது. தீக்காப்பு உடைக்குள் வியர்வை ஆவியாக வழியில்லாததால் அந்த வெப்பம் வெளியேறாமல் தங்கிவிடுகிறது.

ஷெட்டில் நிறுத்திய காரில் உட்காரவைத்துச் சோதித்தபோது முதல் நாளே நீர் ஓட்டம் நின்றது. பம்பைக் கழற்றிப் பார்த்தோம், பழுதில்லை. சீட் பெல்ட்டை இறுக்கியதும் தோள்பட்டை வார் குழாயை நசுக்கியிருக்கிறது! பெல்ட் போடாமல் மேஜைமேல் வைத்துப் பார்த்தவரை எல்லாம் சரியாகவே ஓடியது. குழாய்களைத் தோளிலிருந்து எடுத்து விலாப் பக்கம் மாற்றித் தைத்தோம். நாங்கள் கற்றுக்கொண்டதிலேயே பெரியது இதுதான். தீக்காப்புச் சோதனை முடியாததால் இன்னும் அதை டிராக்கில் இறக்கவில்லை, இறக்கவும் கூடாது.

முதல் ரிவ்யூவில் எங்களுக்குக் கிடைத்த பதில், "இது டெக்ஸ்டைல் வேலை, மெக்கானிக்கல் இல்லை" என்பது. அந்தப் பதிலுக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

மோதலில் தலை முன்னே வீசப்படாமல் தடுக்க ஓட்டுநர் அணியும் ஹான்ஸ் கழுத்துக் காப்பை உருவாக்கியவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்த ராபர்ட் ஹப்பர்ட். 1980களின் தொடக்கத்தில், பந்தய ஓட்டுநரான தன் உறவினர் ஜிம் டவுனிங்குடன் சேர்ந்து அதைச் செய்தார். ஃபார்முலா ஒன் அதைக் கட்டாயமாக்கியது 2003-இல். அதற்குள் இருபது வருடம் போய்விட்டது.

வெப்பத்துக்கும் அதே கதைதான். 2023 அக்டோபரில் கத்தார் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டுநர் எஸ்டெபான் ஓகோன் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தார். இன்னொரு ஓட்டுநர் லோகன் சார்ஜன்ட் பாதியில் விலகினார். கடினமான உடற்பயிற்சி எடுப்பவர்கள் இவர்கள். அதன் பிறகே வெப்பக் குறியீடு (வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்ந்த அளவு) 31 டிகிரியைத் தாண்டும் என எதிர்பார்க்கப்பட்டால் 'வெப்ப அபாயம்' என அறிவித்து, காரில் குளிர்விப்பு அமைப்பு பொருத்த வேண்டும் என்ற விதி வந்தது. 2025 சிங்கப்பூரில் முதன்முறை அது அமலானது. 31 டிகிரி என்பது நம் ஊரில் காலை பத்து மணி வெயில். நம் பிள்ளைகள் பயிற்சி ஓட்டுவது ஏப்ரல், மே மாதங்களில், கல்லூரி மைதானத்துத் தார் ரோட்டில், மதிய நேரத்தில்.

ஐயா, அம்மா, உங்களிடம் கேட்பது பெரிய செலவு இல்லை. அடுத்த காருக்கு சேஸிஸ் வரையும் முன், மரச்சட்டத்தில் ஒரு மாதிரி அடித்து, அணியிலேயே குள்ளமானவரையும் உயரமானவரையும் தலைக்கவசம், கையுறை, முழு உடையோடு இருபது நிமிடம் உட்காரவையுங்கள். பெல்ட் இறுக்கியே இருக்கட்டும். முழங்கால் எங்கே இடிக்கிறது, முழங்கை எங்கே மடங்க மறுக்கிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். பழைய காரின் ஸ்டீயரிங் விளிம்பில் ஸ்பிரிங் தராசை மாட்டி, எத்தனை கிலோ இழுக்கிறது என்று அளந்து, அந்த எண்ணை டிசைன் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். சஸ்பென்ஷனுக்கு ஒருவர், பிரேக்குக்கு ஒருவர் இருப்பதுபோல ஓட்டுநரின் உடம்புக்கும் ஒரு மாணவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் அதையே புராஜெக்டாகக் கொண்டுவந்தால் எந்தத் துறை என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

குழாய் போகும் பாதையின் வரைபடமும், எது எது தோற்றது என்று எழுதிய நோட்டும் எங்களிடம் இருக்கின்றன. எந்த அணி கேட்டாலும் தருகிறோம்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்