எங்கள் வீடு எழும்பத் துணைநின்ற ஊராருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

2030-க்குள் தமிழ்நாட்டில் குடிசைகளே இருக்கக் கூடாது என்ற இலக்குடன் ஊரகப் பகுதிகளுக்காக 2024-இல் தொடங்கப்பட்ட ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில், ரூ.3.50 லட்சம் அரசு நிதியுடன் நாங்கள் கட்டிய வீட்டில் சென்ற வாரம் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம் போட வகைசெய்த அரசுக்கு எங்கள் முதல் நன்றி.

ஆனால் இத்திட்டத்தில் சேர இடம் நம் பெயரில் இருக்க வேண்டும். தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடந்த மனையை, வாரிசுச் சான்று பெற்று, உட்பிரிவு செய்து, தனிப் பட்டாவாக மாற்றும்வரை ஒவ்வொரு மனுவையும் தம் கைப்பட எழுதித் தந்தவர் எங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா. அவர் இல்லையெனில் எங்கள் பெயர் பயனாளிகள் பட்டியலில் ஏறியே இருக்காது.

கட்டுமானம் ஒவ்வொரு மட்டத்தை எட்டிய பிறகே அடுத்த தவணை கணக்கில் ஏறும் என்பதால், இடைப்பட்ட நாட்களில் கையில் காசில்லாமல் வேலை நின்றுவிடாதபடி, பணம் வந்த பிறகு கூலி வாங்கிக்கொள்வதாகச் சொல்லி கதவு, சன்னல்களின் மேல் வரும் லிண்டலுக்கு மேலேயும் சுவரை எழுப்பித் தந்த கொத்தனார் அண்ணனுக்கும், குழுச் சேமிப்பிலிருந்து கடன் தந்த மகளிர் குழுச் சகோதரிகளுக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். நாங்கள் நடவுக்குப் போயிருந்த நாட்களில், காங்கிரீட் இறுகுவதற்காகத் தளத்தின் மேல் நீர் தேக்கக் கட்டியிருந்த பாத்திகள் காய்ந்துவிடாமல், ஏணியில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஏறி ஊற்றியவர் மேலத்தெரு அத்தை.

இலவசமாக வீடு கொடுத்தால் மக்கள் உழைக்க மாட்டார்கள் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மழைக்காலத்துக்கு முன் கீற்று மாற்றுவதற்கே எங்கள் கூலியில் ஒரு பங்கு ஆண்டுதோறும் போயிற்று. இனி அது பிள்ளைகளின் படிப்புக்குப் போகும். வீடு கொடுப்பது அரசின் கடமை என்றே நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கடமை மனைப் பட்டாவிலிருந்து தொடங்க வேண்டும். வாய்க்கால் புறம்போக்கில் குடியிருக்கும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு மாற்று இடம் கேட்டு மனு கொடுக்க ஐயா முன்வந்திருக்கிறார், அவருடன் நாங்களும் வருகிறோம்.

நன்றியுடன்,
கீழத்தெரு விவசாயக் கூலிக் குடும்பத்தார்