அவள் ரத்தத்தில் குறை இல்லை

மெல்போர்ன்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். கல்யாணப் படங்கள் வந்தன. பட்டு வேட்டியில் மாப்பிள்ளையைவிட நீதான் மிடுக்கு. தங்கச்சியிடம் சுற்றிப் போடச் சொல். மாடசாமி மறுபடியும் டிரான்ஸ்ஃபருக்கு அலைகிறானாமே, அவன் திருந்த மாட்டான்.

நான் வைத்தியம் பார்க்கும் பந்தயக் குதிரை செவலைக்கு நேற்று மறுபடி மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. நாலாவதாக வந்தாள், ஓடி முடித்தபோது ஒன்றும் தெரியவில்லை. குளிப்பாட்டும் இடத்தில் நிற்கும்போது அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. தலையைத் தாழ்த்தினாள், இரண்டு மூக்கிலும் ரத்தம் ஒழுகியது. இந்த ஊர் விதிப்படி முதல் தடவைக்கு மூன்று மாதம் ஓட முடியாது, இரண்டாம் தடவைக்கு ஆயுள் தடை. அவளுடைய பந்தயம் முடிந்துபோயிற்று.

செய்தி சொன்னதும் "டிரானெக்சாமிக் போட்டுப் பார்த்தியாடா?" என்று கேட்டாய். ரத்தக் கசிவை நிறுத்தப் போடும் அந்த மருந்தைத்தான் குதிரையின் உரிமையாளரும் கேட்டார். அவரை மன்னிக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து உடலியல் படித்தவன் கேட்கலாமா?

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை எண்ணிவிட்டோம், உறையும் நேரமும் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாகவே இருக்கிறது. கோளாறு நுரையீரலின் ரத்த அழுத்தத்தில், சேகர். முழுப் பாய்ச்சலில் இதயம் நிமிடத்துக்கு 220 தடவைக்கு மேல் அடிக்கிறது. மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்த சிவப்பணுக்களை எல்லாம் கொட்டுகிறது; ரத்தத்தில் 40 சதவீதத்தை ஒட்டி இருந்த அவற்றின் பங்கு 60ஐத் தாண்டி ரத்தமே கெட்டியாகிவிடுகிறது. அத்தனையையும் நுரையீரல் வழியாகத் தள்ளியாக வேண்டும். ஓய்வில் 25 மி.மீ. பாதரசம் இருக்கிற நுரையீரல் தமனி அழுத்தம் 100ஐத் தொடுகிறது. தந்துகி என்கிற மெல்லிய ரத்தக்குழாய்க்கும் காற்றுக்கும் நடுவில் உள்ள சுவர் ஒரு மைக்ரான்கூடக் கிடையாது. போதாததற்கு, இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் அந்தப் பக்கத்திலிருந்து உறிஞ்சுகிறது. கிழியாமல் என்ன செய்யும்? மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டு குழாய் விரிசலில் எம்சீல் பூசச் சொல்கிறாய் நீ.

சிறுநீரைக் கூட்டும் லாசிக்ஸ் மருந்து இதற்கு வேலை செய்வதற்கும் இதுதான் காரணம். 2009இல் தென்னாப்பிரிக்காவில் 167 குதிரைகளை ஒரு தடவை லாசிக்ஸ் போட்டும் இன்னொரு தடவை வெறும் உப்புநீர் போட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். லாசிக்ஸ் போட்டபோது கசிவு தெளிவாகக் குறைந்தது. அது உறைய வைக்கிற மருந்து இல்லையே, நீரைப் பிரித்து அழுத்தத்தைத் தணிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் உடம்பின் எடையும் குறைந்து ஓட்டத்துக்கு அனுகூலம் ஆகிவிடுவதால் பந்தய நாளில் அதை இங்கே விட மாட்டார்கள். அமெரிக்காவில் பல வருஷம் தாராளமாகப் போட்டு ஓட்டினார்கள். கென்டக்கி டெர்பியில் 2021இல்தான் நிறுத்தினார்கள்.

மூக்கில் வருவதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. இதே மெல்போர்னில் 744 குதிரைகளைப் பந்தயம் முடிந்ததும் எண்டோஸ்கோப் என்கிற கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றின் மூச்சுக்குழாயில் ரத்தம் இருந்தது. அந்த முடிவு 2005இல் வெளியாயிற்று. அவை எல்லாம் அடுத்த பந்தயத்துக்கு வந்து நிற்கும், யாருக்கும் தெரியாது.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று. ஓட முடியாவிட்டால் என்ன, குட்டி போடட்டும் என்கிறார் உரிமையாளர். எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. மூக்கில் ரத்தம் வரும் இந்தத் தன்மை பரம்பரையாகவும் இறங்குகிறது என்று பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, ஹாங்காங் பந்தயக் கணக்குகளை வைத்து ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டுக் குதிரை ஒன்றுக்கு 'ப்ளீடிங் சில்டர்ஸ்' என்றே பெயர் விழுந்தது. அதன் கொள்ளுப்பேரன் எக்லிப்ஸ். இன்று ஓடுகிற குதிரைகளில் பெரும்பாலானவற்றின் ஆண்வழி அந்த எக்லிப்ஸில் போய்த்தான் முடிகிறது. தெரிந்தே இவளையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டுமா? அவளுக்கு ஐந்து வயதுதான். சவாரி கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருபது வருஷம் நன்றாக வாழ்வாள். அங்கே யாரும் அவளை முழுப் பாய்ச்சலில் விரட்டப் போவதில்லை.

புதன்கிழமை அவர் வருகிறார். இனப்பெருக்கத்துக்கு அனுப்பக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்வேன், எழுத்திலும் கொடுப்பேன். அந்த லாயத்து வேலை கையைவிட்டுப் போனாலும் போகட்டும். அதற்குள் உன் பரம்பரையியல் வாத்தியாரைக் கேட்டு, தாய்வழியில் எவ்வளவு இறங்கும் என்று எனக்கு விளக்கமாக எழுது. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். உன் கொட்டகை மாடுகளின் சத்தத்தில் நீ பேசுவது ஒன்றும் கேட்பதில்லை.

அன்புடன்,
கண்ணன்