வானளாவிக்கு எதிராக வரும் மடல்களை எப்படி வாசிப்பது: நகரமைப்புக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயரக் கட்டடங்களுக்கும் குடியிருப்பு மறுசீரமைப்புக்கும் ஒப்புதல் வழங்கும் பொறுப்பில் உள்ள நகரமைப்புக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

ஒரு குடியிருப்புப் பகுதியில் வானளாவி எழப்போகிறது என்ற அறிவிப்பு வெளியானதும் உங்கள் அலுவலகத்துக்கு மடல்கள் வரத் தொடங்குகின்றன. அவற்றை ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்டுகளாகப் பிரித்து, எண்ணி, அறிக்கையின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையாகச் சேர்த்துவிடுகிறீர்கள். கருத்துக்கேட்புக் கூட்டங்கள் பலவற்றில் அமர்ந்து கேட்டவன் என்ற முறையில், அந்த எண்ணிக்கைக்குள் மடல்களின் பொருள் தொலைந்துபோகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். உயரமான கட்டடமே கூடாது என்பவன் அல்லன் நான். வீட்டுத் தேவை பெருகும் நகரம் மேல்நோக்கி வளர்வது பல இடங்களில் நியாயமானது என்றே கருதுகிறேன்.

எதிர்ப்பு எழும்போதெல்லாம் ஈஃபில் கோபுரத்தை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. 1887 பிப்ரவரியில் பாரிஸின் எழுத்தாளர்களும் கலைஞர்களும் அதைக் கண்டித்து நாளிதழில் கூட்டறிக்கை வெளியிட்டனர். இன்று அந்நகரின் அடையாளமே அதுதான். எனவே மக்கள் காலப்போக்கில் பழகிக்கொள்வார்கள் என்பது வாதம். அதே நகரில் நிற்கும் இன்னொரு கோபுரத்தை இந்த வாதம் கணக்கில் கொள்வதில்லை. 1973-இல் கட்டி முடிக்கப்பட்ட, 210 மீட்டர் உயரமுள்ள மோன்பர்னாஸ் கோபுரத்தின் மீது எழுந்த வெறுப்பு தணியவே இல்லை. நான்கு ஆண்டுகளில், 1977-இல், பாரிஸ் தன் கட்டடங்களுக்கு 37 மீட்டர் உயர வரம்பை விதித்தது. இடையில் தளர்த்தப்பட்ட அந்த வரம்பு 2023-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. மேலும், ஈஃபில் கோபுரம் எழுந்தது ஓர் அணிவகுப்புத் திடலில், 20 ஆண்டு அனுமதியின் பேரில். வீடுகளை இடித்து எழுப்பப்படும் ஒரு திட்டத்துக்கு அதை முன்னுதாரணமாகக் கொள்வது பொருந்தாது.

மடல்களில் திரும்பத் திரும்ப வருபவை வெயிலும் காற்றும். "எங்கள் முற்றத்துக்கு வெளிச்சம் வராது" என்ற வரியைத் தன்னலம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நியூயார்க்கில் 1915-இல் எழுந்த 38 மாடி ஈக்விட்டபிள் கட்டடம், தெருவோரத்திலிருந்து சற்றும் உள்வாங்காமல் நேராக உயர்ந்து சுமார் ஏழு ஏக்கர் பரப்பை நிழலில் ஆழ்த்தியபோது, அக்கம்பக்கத்தார் சொன்னதும் இதே வரிதான். எங்கே, எவ்வளவு உயரம் கட்டலாம் என்று வரையறுக்கும் மண்டல விதிகள் அடுத்த ஆண்டே, 1916-இல், வருவதற்கு அந்த அதிருப்தியும் ஒரு காரணம் என்பதை நீங்கள் அறிவீர்கள். உயரம் கூடக் கூடக் கட்டடம் படிப்படியாக உள்வாங்க வேண்டும் என்ற விதி அதில்தான் இடம்பெற்றது. ஜப்பானில் வெயிலுக்காக வழக்காடிய குடியிருப்பாளர்களின் கோரிக்கையை 1972-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1976-இல் நிழலுக்கான வரம்பு கட்டடச் சட்டத்திலேயே சேர்ந்தது. நிழல் ஆய்வு என்று இன்று நீங்கள் கேட்டு வாங்கும் ஆவணம் ஒருகாலத்தில் வெறும் புகாராக இருந்தது.

காற்றும் அப்படியே. உயரத்தில் வேகமாக வீசும் காற்று அகன்ற முகப்பில் மோதித் தரையை நோக்கி இறங்குகிறது. கட்டடத்தின் மூலைகளைச் சுற்றும்போது இன்னும் வேகமெடுக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 32 மாடிக் கட்டடம் ஒன்றின் அருகே 2011-இல் அவ்வாறு வீசிய காற்றில் லாரி ஒன்று கவிழ்ந்து, நடந்துசென்ற ஒருவர் உயிரிழந்தார். காற்றைத் தடுக்கும் திரைகள் அங்கே பின்னர்தான் அமைக்கப்பட்டன.

எனினும் நிழலையும் காற்றையும் அளக்கக் கருவிகள் உண்டு. அளக்க முடியாததைச் சொல்லும் மடல்களே உங்கள் மேசையில் மிக விரைவாகப் புரட்டப்படுகின்றன. பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் பகுதி சேரி என்று முத்திரை குத்தப்பட்டு, 1950-களின் இறுதியில் ஏறத்தாழ முழுவதுமாக இடிக்கப்பட்டது. சுமார் 2,700 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன; அவ்விடத்தில் எழுந்த உயர்ந்த குடியிருப்புகளின் வாடகை அவர்களில் பெரும்பாலோருக்கு எட்டாததாக இருந்தது. வெளியேறியவர்களைச் சந்தித்து ஆராய்ந்த உளவியலாளர் மார்க் ஃபிரைட், அவர்களிடம் கண்ட துயரம் நெருங்கிய உறவை இழந்தவரின் துயரத்தை ஒத்திருந்ததை 1963-இல் பதிவு செய்தார். அரை நூற்றாண்டு கடந்தபின், 2015-இல், அந்நகரின் மறுசீரமைப்பு ஆணையம் மன்னிப்புக் கேட்டது. அந்த மக்களில் பலர் இடிப்புக்கு முன்பே எதிர்த்துப் பேசியவர்கள் என்பதை நினைக்கும்போது, காலம் கடந்து வந்த அந்த மன்னிப்பு எனக்கு ஆறுதலைவிட வேதனையையே அதிகம் தருகிறது. இழப்பீட்டுத் தொகையையும் மாற்று வீட்டின் பரப்பளவையும் கணக்கிடும் உங்கள் படிவத்தில், எந்த வீட்டுச் சாவி எந்தப் பக்கத்து வீட்டில் இருக்கும், இரவில் யாருக்கு உடல்நலம் குன்றினால் யார் ஓடிவருவார் என்பதற்கெல்லாம் கட்டமே இல்லை. வாடகைக்குக் குடியிருப்போர் பலருக்கு அந்தப் படிவமே வந்து சேர்வதில்லை.

ஆதரவு மடல்களையும் இதே கவனத்துடன் வாசிக்க வேண்டுகிறேன். நீண்ட பயணத்தால் களைத்து, வேலைக்கு அருகில் ஒரு வீடு கிடைக்காதா என்று ஏங்குபவரின் மடல் அதில் இருக்கலாம். கூட்டத்துக்கு வர நேரமில்லாதவரும், இனிமேல்தான் அங்கே குடிவரப்போகிறவரும் அரங்கில் இருப்பதில்லை. உரக்கப் பேசும் சொந்த வீட்டுக்காரரின் குரலையே ஊரின் குரல் என்று கொள்வதும் பிழைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கும் நேரம் தவறாக இருக்கிறது. மாடிகளின் எண்ணிக்கையும், மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்னும் தளப்பரப்புக் குறியீடும், முதலீட்டாளரின் ஒப்பந்தமும் முடிவான பிறகு நடக்கும் கருத்துக்கேட்பில், முகப்பின் நிறத்தைத் தவிர மக்கள் மாற்றக்கூடியது எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால்தான் கூட்டங்கள் கூச்சலாகின்றன. சுற்றுச்சூழல் முடிவுகளில் பொதுமக்களின் பங்கேற்பு குறித்த 1998-ஆம் ஆண்டின் ஆர்ஹூஸ் உடன்படிக்கை, எல்லாத் தெரிவுகளும் திறந்திருக்கும் தொடக்க நிலையிலேயே மக்களைக் கேட்க வேண்டும் என்கிறது. அதில் கையெழுத்திடாத நாட்டின் குழுவும் அந்த ஒரு விதியைத் தானாகவே கடைப்பிடிக்கலாம், தடையேதும் இல்லை.

ஆகவே, வரைபடம் வரையப்படும் முன்பே முதல் கூட்டத்தைக் கூட்டுங்கள். வேலை முடித்து வருவோருக்கும் ஏற்ற நேரத்தில், வாடகைதாரர்களின் கதவையும் தட்டி அழைத்து. மாதிரிப் படங்களை வானிலிருந்து பார்ப்பதுபோல் காட்டாமல், நடைபாதையில் நிற்பவரின் கண்ணுயரத்திலிருந்தும், குளிர்காலப் பிற்பகல் நிழலுடனும் காட்டச் சொல்லுங்கள். வந்த ஒவ்வொரு ஆட்சேபணைக்கும், அது ஏற்கப்பட்டதா, திட்டத்தில் எங்கே மாற்றம் செய்யப்பட்டது, ஏற்கப்படவில்லையெனில் ஏன் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். மறுக்கப்பட்ட கோரிக்கைக்குக் கிடைக்கும் நேர்மையான காரணத்தை மக்கள் மதிப்பதை நான் கூட்டங்களில் நேரில் கண்டிருக்கிறேன். பதிலே வராதபோது அவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வராமல் போவதையும் கண்டிருக்கிறேன்.

மதிப்புடன்,
கருத்துக்கேட்புக் கூட்டங்களில் உங்கள் எதிரே அமரும் குடிமக்களில் ஒருவன்